வசை பாடவும் ஒரு முறை இருந்தது

மட்டக்களப்பில் பெரும்போக நெற்செய்கைக்கு முன்னால் நடக்கும் ஆரம்பக் கூட்டத்தில் ஒரு முறையாவது பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். உன்னிச்சை, நவகிரி, உறுகாமம், எந்தக் குளத்துக் கூட்டமானாலும் சரி. முதல் தண்ணீர் எந்தத் திகதியில் திறப்பது, கடைசித் தண்ணீர் எப்போது, மூன்று மாத நெல்லா மூன்றரை மாத நெல்லா, மாடுகளை வயல்வட்டையிலிருந்து எந்த நாளுக்குள் வெளியேற்றுவது என்று ஒவ்வொன்றாக எடுப்பார்கள். வாய்க்காலின் தலைப்பில் வயல் உள்ளவருக்கு ஒரு திகதி வசதி, கடைக்கண்டத்தில் உள்ளவருக்கு வேறொன்று. மாட்டுப் பட்டிக்காரருக்கு இரண்டுமே பிடிக்காது. சத்தம் கூடும். ஒருவர் எழும்பி, "இவர்ர மாடு திண்டு முடிச்சாப் பிறகா நாங்க விதைக்கிற?" என்று கேட்பார். கேட்பது மாட்டுக்காரரை, முகம் பார்ப்பதோ தலைமை வகிக்கும் அரசாங்க அதிபரை. மாட்டுக்காரர் பதில் சொல்வதும் அவரைப் பார்த்துத்தான். கடைசியில் ஒரு திகதி முடிவாகி, கூட்டக் குறிப்பில் ஏறும். பிடிக்காதவருக்கும் அது சட்டம். வயல் தண்ணீர் வேலைகளைப் பார்க்கும் வட்டவிதானை வந்து சொன்னால் கேட்டாக வேண்டும்.

இதே ஆட்களைத் தேர்தல் காலத்தில் மேடையில் பார்த்திருக்கிறேன். தண்ணீர் என்ற உயிர்ப் பிரச்சினையில் நா காத்தவர், தெருவுக்குத் தார் போட்டது யாருடைய காசில் என்ற சில்லறை விஷயத்தில் எதிராளியின் தாய் தகப்பன் வரை போவார். அவரைப் பற்றி ஊரில் விசாரித்தால், "அந்தக் காலத்து அரசியல்வாதிகளின் பண்பு இப்போது யாருக்கு இருக்கிறது" என்று ஒரு பெருமூச்சு வரும். அந்தப் பதில் எனக்குச் சரியாகப் படவில்லை. மனிதர் ஒருவர்தானே. குணம் ஆறு மாதத்தில் மாறிவிடுமா? அவர் நின்று பேசும் இடம்தான் மாறியிருக்கிறது. அரசியல் நாகரிகம் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு ஆளின் குணத்தில் இல்லை, பழைய ஏற்பாடுகளில் இருக்கிறது என்பதே என் வாதம். பழையவற்றை எதற்காகப் பேண வேண்டும், எதுவரை பேண வேண்டும் என்ற கேள்வியும் அங்கேதான் வருகிறது.

கன்சர்வேட்டிவ் என்ற சொல்லுக்குத் தமிழில் பழமைவாதி என்று போட்டுவிட்டோம். அதனால் அந்தச் சிந்தனைக்கு நம்மிடையே நல்ல பெயர் கிடைத்ததே இல்லை. பழமைவாதி என்றதும் காதல் கலியாணத்துக்குக் குறுக்கே நிற்கும் பெரியப்பாதான் கண்ணுக்குள் வருகிறார். ஆங்கிலச் சொல்லின் வேர்ப்பொருள் பேணுதல். முதுசொமாக வந்த காணியை விற்றுத் தின்னாமல் பிள்ளையிடம் கொடுப்பது போன்ற ஒரு மனநிலை. அந்தச் சிந்தனைக்கு மூலவராகச் சொல்லப்படும் எட்மண்ட் பேர்க், டப்ளினில் பிறந்த ஐரிஷ்காரர். அவர் இருந்தது விக் கட்சியில். கன்சர்வேட்டிவ் என்ற பெயரில் பிரித்தானியாவில் ஒரு கட்சி வந்தது அவர் செத்துப் பல ஆண்டுகள் கழித்து, 1830களில்தான். பிரெஞ்சுப் புரட்சி பற்றி 1790இல் அவர் எழுதியதன் சாரம் சுருக்கமானது. ஒரு தலைமுறையின் புத்தி சிறிது. பல தலைமுறை கூடிச் சேர்த்த வழக்கங்களுக்குள் நமக்குப் புரியாத புத்தியும் இருக்கலாம். ஆகவே ஒன்றைப் பிடுங்கும் முன் அது எதைத் தாங்கி நிற்கிறது என்று பார். மாற்றமே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. மாறத் தெரியாத அரசுக்குத் தன்னைக் காத்துக்கொள்ளவும் தெரியாது என்பதும் அவருடைய கருத்துத்தான்.

இதற்கு உதாரணம் தேடிப் பாரிசுக்குப் போக வேண்டியதில்லை. நமது குளங்களே போதும்.

1832இல் பிரித்தானிய ஆட்சி இலங்கையில் இராசகாரியத்தை ஒழித்தது. அரசனுக்காகக் கூலியில்லாமல் கட்டாயமாகச் செய்யும் வேலை அது. கோல்புறூக் ஆணைக்குழு அதை அநியாயம் என்றது, அநியாயம்தான். ஆனால் குளக்கட்டைத் திருத்துவதும் வாய்க்காலைத் துப்பரவாக்குவதும் அதே கட்டாயத்தின் பலத்தில்தான் நடந்து வந்தன. கட்டாயத்தை எடுத்தவர்கள் அதன் இடத்தில் வேறெதையும் வைக்கவில்லை. வாய்க்கால் வெட்ட வராதவனைத் தண்டிக்க ஊருக்கு அதிகாரம் இல்லாமல் போயிற்று. ஒருவன் வராதபோது அடுத்தவனும் ஏன் வருவான்? குளங்கள் தூர்ந்தன, கட்டுகள் உடைந்தன. இருபது வருடத்துக்கு மேல் கழிந்த பிறகு, ஆளுநர் ஹென்றி வார்ட் காலத்தில், 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் வந்தது. வயற்காரர் கூடி, தங்கள் பகுதியின் பழைய வேளாண்மை வழக்கங்கள் எவை என்று சொல்லி, அவற்றுக்குச் சட்டபலம் பெறலாம் என்றது அது. கட்டாய ஊழியம் திரும்பி வரவில்லை. அது தாங்கி நின்ற ஒழுங்கு மட்டும், கூட்டம், வழக்கம், தண்டம் என்று வேறு உருவில் வந்தது. இன்றைய ஆரம்பக் கூட்டம் 1946இன் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நடப்பது. அதன் வேர் இங்கே இருக்கிறது.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது, இரண்டு பக்கமும் பாதி சரி என்பதுதான். இராசகாரியத்தை வைத்திருக்க வேண்டும் என்று இன்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் எடுத்தவர்கள் முதலில் வாய்க்கால் ஓரம் வந்து நின்று, "இதை யார் வெட்டுவது, வராதவனை யார் கேட்பது?" என்று விசாரித்திருந்தால் இருபது வருடம் மிஞ்சியிருக்கும்.

இனி வசைக்கு வருவோம். கொம்புமுறி விளையாட்டைப் பார்த்தவர்கள் இப்போது குறைவு. மழை பொய்த்தால், நோய் பரவினால், கண்ணகை அம்மனைக் குளிர்விக்க ஊர் இரண்டாகப் பிரிந்து ஆடிய விளையாட்டு. கோவலன் பக்கம் வடசேரி, கண்ணகி பக்கம் தென்சேரி. இரண்டு வளைந்த கட்டைகளை ஒன்றோடொன்று கொளுவி, கயிறு போட்டு, இரு சேரியாரும் இழுப்பார்கள். எவருடைய கொம்பு முறிகிறதோ அவர்கள் தோற்றார்கள். சிங்கள ஊர்களில் பத்தினி தெய்யோவுக்கு நடக்கும் அங்கெலியவும் இதற்கு உடன்பிறப்பு. இழுப்பதை விட நமக்கு முக்கியம், அதோடு சேர்ந்து பாடும் வசை. வென்ற சேரி தோற்ற சேரியைப் பாட்டால் கிழிக்கும். சாதாரண நாளில் சொன்னால் கத்திக்குத்தில் முடியக்கூடிய வார்த்தைகளும் அதில் உண்டு. சொல்ல அன்று அனுமதி. இடம் கோயில் வெளி, காலம் விளையாட்டு நாள், வடிவம் பாட்டு. எல்லை மீறி அடிபாட்டில் முடிந்த தடவைகளும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் யோசித்துப் பாருங்கள், எதிராளியைத் திட்டுவதற்கே ஊர் ஒரு முறை வகுத்து வைத்திருந்தது. திட்டாதே என்று உபதேசம் செய்யவில்லை. எங்கே, எப்போது, எந்த மெட்டில் என்று மட்டும் சொன்னது.

இன்னொரு நுட்பம் இருக்கிறது. மட்டக்களப்பில் குடி, அதாவது குலம், தாய் வழியில் வரும். சேரியோ தகப்பன் வழி. ஆகவே ஒரே குடிக்காரர் இரு சேரியிலும் இருப்பர். புருசன் வடசேரி, பெண்சாதி தென்சேரி என்று ஒரே வீட்டுக்குள் இரு பக்கம் அமைவதும் உண்டு. என் அம்மப்பா கொம்புமுறிக் காலத்தில் வீட்டில் சோறு கிடைப்பது சந்தேகம் என்று பகிடியாகச் சொல்வார். பகிடிக்குள் ஒரு சமூகவியல் இருக்கிறது. எதிர்ச்சேரியில் மச்சானும் மாமனும் நிற்கும்போது, அடுத்த நாள் முகம் பார்க்க முடியாதபடி பேச யாருக்கும் துணிவு வராது. கலியாணம் முடித்த ஆண் பெண்வீட்டில் போய்க் குடியிருக்கும் ஊர் இது. சீதன வீட்டில் இருக்கும் மாப்பிள்ளை எவ்வளவு கட்சி வெறியரானாலும் மாமியாரின் தம்பிமாரோடு நிதானமாகத்தான் கதைப்பார். ஒரு கோட்டில் எதிரி, இன்னொரு கோட்டில் உறவு. கோடுகள் இப்படிக் குறுக்கும் மறுக்குமாக ஓடும் வரை ஊர் இரண்டாகப் பிளக்காது. எல்லாக் கோடும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்துவிட்டால், இனம், மதம், கட்சி, வயல் எல்லாம் ஒரே பக்கப் பிரிவாகிவிட்டால், வாய் எல்லை மீறுவது முதல் அறிகுறி. கிழக்கில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் இடையில் நடந்தது அதுதான். கல்லோயாக் குடியேற்றத் திட்டத்தின் பிறகு, 1956 யூனில் அம்பாறைப் பக்கம் தமிழருக்கும் சிங்களவருக்கும் இடையில் நடந்ததும் அதுவே. முஸ்லிம்களிடமும் தாய்வழிக் குடி முறை உண்டு, பள்ளிவாசல் நிர்வாகத்தில் குடிக்கொரு பிரதிநிதியாக மரைக்காயர் உண்டு. காக்கா, மச்சான் என்று கூப்பிட்டுக்கொண்ட வாய்கள்தான் இரு பக்கமும் இருந்தன. ஆயுதம் வந்தபோது அந்த முறைச்சொற்களால் தடுக்க முடியவில்லை.

தேர்தல் முறை இந்தக் கோடுகளை எப்படி வரைகிறது என்பதில் நாம் போதிய கவனம் வைக்கவில்லை. 1960 முதல் மட்டக்களப்புத் தொகுதிக்கு இரண்டு உறுப்பினர். தமிழரும் முஸ்லிமும் கலந்து வாழும் இடத்தில் இருவருக்கும் ஆள் கிடைக்கட்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. 1977இல் பொத்துவிலும் அப்படி இரட்டைத் தொகுதியாக இருந்தது. அந்த ஆண்டு பொத்துவிலில் ஐக்கிய தேசியக் கட்சியின் ஜலால்தீனும் தமிழர் விடுதலைக் கூட்டணியின் கனகரத்தினமும் தெரிவானார்கள். இரண்டு இடம் இருக்கும்போது மற்றவரின் தோல்வி நமது வெற்றிக்கு நிபந்தனையாக இருப்பதில்லை. மேடையில் மற்றச் சமூகத்தைத் திட்டி ஆகப்போவது ஒன்றும் இல்லை. அந்த ஏற்பாட்டிலும் ஓட்டை இல்லாமல் இல்லை. அதே 1977இல் மட்டக்களப்பில், 1956 முதல் தொகுதியை வைத்திருந்த சொல்லின் செல்வர் செ. இராசதுரை கூட்டணியின் உதயசூரியனில் நிற்க, காசி ஆனந்தன் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்தில் நின்றார். ஒரே அணியின் இருவர் ஒருவருக்கொருவர் எதிராகப் போட்டியிட்ட அந்தத் தேர்தலின் கசப்பு ஊரில் வெகுகாலம் இருந்தது. இராசதுரை வென்றார், இரண்டாவது இடம் ஐக்கிய தேசியக் கட்சியின் பரீத் மீராலெப்பைக்குப் போயிற்று. 1979இல் இராசதுரை அரசாங்கப் பக்கம் போனதற்கும் அந்தக் கசப்பு ஒரு காரணம்.

1977இல் விதிவிலக்காக நடந்த சொந்த அணிக்குள்ளான போட்டியை 1978 அரசியல் யாப்பு வழக்கமாக்கிவிட்டது என்பேன். விகிதாசார முறை வந்தது, பின்பு விருப்பு வாக்கும் வந்தது. 1989இலிருந்து பொதுத் தேர்தல்கள் அப்படித்தான். மட்டக்களப்பு மாவட்டத்துக்கு ஐந்து ஆசனம் என்றால் ஒரு கட்சி எட்டுப் பேரை நிறுத்தும். வாக்காளர் கட்சிக்குப் புள்ளடி போட்டுவிட்டு மூன்று பேருக்கு விருப்பு இலக்கம் போடலாம். இப்போது கணக்குப் பாருங்கள். கட்சிக்கு எத்தனை ஆசனம் வரும் என்பது பெரும்பாலும் ஊகிக்கக்கூடியது. மற்றக் கட்சிக்காரரின் வாக்கைப் பிடுங்குவது கடினம். பக்கத்தில் நின்று கைகோர்த்துப் படம் எடுத்தவரின் விருப்பு வாக்கைப் பிடுங்குவது சுலபம். ஆகவே உண்மையான எதிரி சொந்தப் பட்டியலில் இருக்கிறார். வெளிப்படையாகத் திட்டவும் முடியாது, கட்சி ஒன்று. அதனால் காதோடு காதாக, இரவோடு இரவாக, இப்போது பெயரில்லாத பேஸ்புக் கணக்குகளின் வழியாகத் திட்டு நடக்கிறது. கொம்புமுறியில் வசை பாடியவனுக்கு முகம் இருந்தது, மெட்டு இருந்தது, மறுநாள் அவன் நம் வீட்டுக் கலியாணத்துக்கு வர வேண்டியும் இருந்தது. இந்த வசைக்கு எதுவும் இல்லை. வேட்பாளர்களுக்கு எத்தனை ஒழுக்கக்கோவை எழுதிக் கொடுத்தாலும் விருப்பு வாக்கு இருக்கும் வரை பெரிய பலன் இராது என்றுதான் நினைக்கிறேன்.

பாராளுமன்றத்தின் சடங்குகளையும் இந்தக் கண்ணால் பார்க்கலாம். எதிராளியைக் கௌரவ உறுப்பினர் என்றுதான் சொல்ல வேண்டும், சபாநாயகரைப் பார்த்துத்தான் பேச வேண்டும், தகாத சொல் சபைப் பதிவேடான ஹன்சாட்டிலிருந்து நீக்கப்படலாம். பலருக்கு இது வெறும் நடிப்பு. நடிப்புத்தான். ஆரம்பக் கூட்டத்தில் மாட்டுக்காரரைத் திட்டுபவர் அரசாங்க அதிபரைப் பார்ப்பதும் நடிப்புத்தான். அந்த நடிப்பு நின்றால் என்ன ஆகும் என்று நாடு 2018 நவம்பர் 16ஆம் திகதி பார்த்தது. சபாநாயகர் கரு ஜயசூரிய பொலிசார் சூழ சபைக்குள் வர வேண்டியிருந்தது. மிளகாய்த்தூள் பறந்தது, கதிரை பறந்தது.

அந்த நெருக்கடியில் எனக்கு மறக்க முடியாதது வேறொன்று. ஜனாதிபதி பாராளுமன்றத்தைக் கலைத்ததை எதிர்த்து உயர் நீதிமன்றத்துக்குப் போன மனுக்களில், தீர்ப்பு எவர் பெயரால் அழைக்கப்படுகிறதோ அவர் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் தலைவராக இருந்த இரா. சம்பந்தன். அந்த யாப்பு தமிழருக்கு நீதி செய்யவில்லை, அதை மாற்ற வேண்டும் என்று அரசியல் வாழ்வு முழுக்கப் பேசியவர். 1983 ஓகஸ்டில் வந்த ஆறாம் திருத்தத்தின், தனிநாட்டை ஆதரிக்கமாட்டேன் என்ற சத்தியப்பிரமாணத்தைச் செய்ய மறுத்து ஆசனத்தை இழந்த கூட்டணிக்காரரில் அவரும் ஒருவர். அதே யாப்பின் நடைமுறையை மீறக் கூடாது என்று நீதிமன்றத்தில் நின்றார். டிசம்பர் 13ஆம் திகதி ஏழு நீதியரசர்களும் ஒருமனதாகக் கலைப்புச் செல்லாது என்றனர். உள்ளடக்கத்தோடு சண்டை, முறையோடு சண்டையில்லை. பேணுதல் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. தமிழ் மேடைகளில் அதற்காக அவர் வாங்கிக் கட்டிக்கொண்ட வசையும் கொஞ்சமல்ல.

இனி மறுபக்கம். மரியாதை என்ற சொல்லை நம் ஊரில் யார் யாருக்குச் சொல்லி வந்திருக்கிறார்கள்? தேசத்துக் கோயில்கள் எனப்படும் பெரிய கோயில்களில் காளாஞ்சி என்ற கோயில் மரியாதை கொடுக்கக் குடிகளை வரிசைப்படி கூப்பிடுவார்கள். யார் முதல், யார் அடுத்தது என்பதில் ஒரு ஊரின் அதிகார வரைபடமே இருக்கும். கூப்பிடப்படாதவர்களும் இருந்தார்கள். பெரிய வயற்காரரான போடியார் வீட்டுத் திண்ணையில் ஏறாமல் முற்றத்தில் நின்றவனுக்கு, "மரியாதையாகப் பேசு" என்பது வாயை மூடு என்பதற்கு மறுபெயர். பெண்களுக்கும் அப்படித்தான். உள்ளூராட்சிச் சபைகளில் பெண்களுக்கு 25 சதவீதம் என்று சட்டம் வந்து, 2018 தேர்தலில்தான் அது நடைமுறைக்கு வந்தது. அப்போது பிரதேச சபை ஒன்றின் கூட்டத்தைப் பார்க்கப் போயிருந்தேன். ஊர்க் கிணற்றுக் கணக்கை ஓர் அம்மா திருப்பித் திருப்பிக் கேட்டார். "தங்கச்சி, சபை நாகரிகம் தெரியாமல் கதைக்கக் கூடாது" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் அடக்கினார். அந்த அம்மா குரல் உயர்த்தவே இல்லை. கணக்குத்தான் கேட்டார்.

ஆகவே எல்லா அமைதியும் நாகரிகம் ஆகாது. யுத்த காலத்தில் மட்டக்களப்பில் யாரும் யாரையும் மேடையில் திட்டவில்லை. அவ்வளவு பயம். 2005 நத்தார் நள்ளிரவுத் திருப்பலியில் பாராளுமன்ற உறுப்பினர் யோசப் பரராஜசிங்கத்தைத் தேவாலயத்துக்குள் வைத்தே சுட்ட ஊரில் வாயை அடக்குவதைப் பண்பு என்று சொன்னால் சிரிப்புத்தான் வரும். வசை பாடுகிற ஊர் அதைவிட எத்தனையோ மேல்.

பேணல் பேசியவர்களும் சிலவேளை முறையை மறந்துவிடுவார்கள். 1791 மே மாதத்தில் பேர்க், பிரெஞ்சுப் புரட்சி விவாதத்தில், கால் நூற்றாண்டுச் சிநேகிதரும் கட்சித் தோழருமான சார்ள்ஸ் ஃபொக்ஸை விட்டு விலகுவதாகச் சபையிலேயே அறிவித்தார். ஃபொக்ஸ் அழுதுவிட்டார். 1797இல் பேர்க் சாகக் கிடந்தபோது ஃபொக்ஸ் பார்க்கக் கேட்டும் அனுமதி கிடைக்கவில்லை. கொள்கை பெரிதென்று பேர்க் நினைத்தார். எங்கள் ஊராக இருந்தால் மரணப்படுக்கையில் கிடப்பவர் என்ன நினைத்தாலும் வீட்டுக்காரர் படலையைத் திறந்திருப்பார்கள்.

கிழக்கில் இன்று இந்தப் பழக்கத்தைப் பயில இடமே குறைந்துவிட்டது என்பதும் ஒரு சங்கதி. மாகாண சபையில் 2012 தேர்தலுக்குப் பிறகு ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்புக்கு 14, தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு 11, முஸ்லிம் காங்கிரசுக்கு 7. எவரும் தனியே ஆள முடியாது. 2015இல் பதினொரு பேர் உள்ள கூட்டமைப்பு, ஏழு பேர் உள்ள முஸ்லிம் காங்கிரசுக்கு முதலமைச்சர் பதவியை விட்டுக்கொடுத்து அமைச்சரவையில் சேர்ந்தது. தமிழர் பலர் கொதித்தார்கள். இன்று திரும்பிப் பார்த்தால், ஒரே மேசையில் இருந்து கோப்பில் கையெழுத்துப் போட இரு சமூகத்துக்கும் கிடைத்த அரிய பயிற்சி அது. 2017 செப்டம்பரோடு சபையின் காலம் முடிந்தது. அதன் பிறகு மாகாணத் தேர்தலே இல்லை. மேசை இல்லாதபோது மிஞ்சுவது மேடை மட்டும். 2024 பொதுத் தேர்தலில் நாடெங்கும் தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டி அள்ள, மட்டக்களப்பு மட்டும் தமிழரசுக் கட்சியின் வீட்டுக்கு மூன்று ஆசனம் கொடுத்து விலகி நின்றது. அதைப் பழமைவாதம் என்று தெற்கில் சிலர் எழுதினார்கள். பழக்கம், பாசம், சந்தேகம் மூன்றும் கலந்தது என்று சொல்லலாம். பேர்க்கைக் கேட்டிருந்தால் அந்தச் சந்தேகத்தைப் பாராட்டியிருப்பார்.

2025 மே 6ஆம் திகதி நடந்த உள்ளூராட்சித் தேர்தலுக்குப் பிறகு பல சபைகளில் எவருக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லை. பழையபடி பேரம். இரண்டு வருடம் நீங்கள் தவிசாளர், மற்ற இரண்டு வருடம் நாங்கள் என்று வாய்ப்பேச்சு ஒப்பந்தங்கள். எங்கள் சந்தித் தேத்தண்ணிக் கடையில் இரண்டு பேர் இதைக் கதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"எழுதி வாங்கினயா மச்சான்?"

"இல்ல. ரெண்டு பக்க ஆக்களும் இருக்கக்குள்ள சொன்னது."

கேட்டவர் கொஞ்ச நேரம் தேத்தண்ணியை ஆற்றினார். "அப்ப சரி," என்றார். "மறுகா மாறினா, ஆர் ஆர் இருந்ததெண்டு தெரியும்தானே."